ரேடார் படத்தில் தெரியும் கருந்திட்டு எண்ணெய்ப் படலம்தானா? அதன் அளவைக் கணக்கிட முடியுமா?

நெய்தல் (கேள்வி)

வணக்கம். கடல்சார் தொலையுணர்வில் முதுகலை ஆய்வு செய்து வருகிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ஒரு கடற்பகுதியின் மீது காலை 6 மணியளவில் எடுத்த ரேடார் படத்தைப் பகுத்தாய்ந்தபோது இரண்டு கருந்திட்டுகள் தென்பட்டன. முதலாவது, கப்பல் போக்குவரத்து உள்ள திறந்த கடலில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமும் சராசரியாக 400 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கீற்று. அதன் ஒரு முனை குறுகலாகவும், மறுமுனை அகன்றும் சற்றே வளைந்தும் இருக்கிறது. இரண்டாவது, கரையை ஒட்டிப் பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில், விளிம்புகள் மங்கிய நிலையில் பரந்து கிடக்கிறது.

சுற்றுப்பாதைத் திருத்தம், அளவுத்திருத்தம், ஸ்பெக்கிள் ஃபில்ட்டர் (ரேடார் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைப்பது) ஆகிய அனைத்தையும் முறையாகச் செய்துவிட்டேன். விவி முனைவாக்கத்தில் (செங்குத்தாக அனுப்பி, செங்குத்தாகவே பெறுவது) சுற்றியுள்ள கடலின் பின்சிதறல் மதிப்பு, அதாவது திரும்பி வரும் எதிரொலியின் வலிமை, ஏறத்தாழ −15 டெசிபல் ஆகவும், கீற்றின் உள்ளே −22 டெசிபல் ஆகவும் இருக்கிறது. ஆனால் அதே இடத்தை விஎச் முனைவாக்கத்தில் (செங்குத்தாக அனுப்பி, கிடைமட்டமாகப் பெறுவது) பார்த்தால் கீற்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. அப்படியானால் அது எண்ணெய் இல்லை என்று கொள்ள வேண்டுமா? எண்ணெய்தான் என்றால், 12 சதுர கிலோமீட்டர் என்ற இந்தப் பரப்பளவைக் கொண்டு எத்தனை லிட்டர் கொட்டப்பட்டது என்று கணக்கிட்டு அறிக்கையில் எழுத முடியுமா? என் நெறியாளர் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்.

அலைமானி

வணக்கம் நெய்தல். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டின் வடிவத்தை ஆராய்வதற்கு முன்பு, அந்த நேரத்தில் அந்த இடத்தில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசியது என்பதைக் கண்டறியுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாமல் எழுதப்படும் எண்ணெய்க் கசிவு அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

காரணம் இதுதான். ரேடார் நேரடியாக எண்ணெயை உணர்வதில்லை. கடற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதையே அது உணர்கிறது. சென்டினல்-1 பயன்படுத்தும் சி பட்டை ரேடாரின் அலைநீளம் சுமார் 5.5 சென்டிமீட்டர். படுகோணம் (ரேடார் கதிர் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) 38 பாகை என்று வைத்துக்கொண்டால், நீரின் மேல் சுமார் 4.5 சென்டிமீட்டர் இடைவெளியில் எழும் சிற்றலைகளிலிருந்து வரும் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடி, வலுவாகத் திரும்பி வருகின்றன. பிராக் சிதறல் என்று நாம் படிப்பது இதைத்தான். இந்தச் சிற்றலைகளை எழுப்புவது காற்று. எண்ணெய்ப் படலம் பரவிய இடத்தில் அவை தணிந்துவிடுவதால், ரேடார் துடிப்பு திரும்பி வராமல் வேறு திசையில் தெறித்துச் செல்கிறது. படத்தில் அந்த இடம் கறுப்பாகிறது. ஆகவே சிற்றலைகளைத் தணிக்கும் எதுவும், அல்லது அவை எழவே விடாத எந்தச் சூழலும், படத்தில் எண்ணெயைப் போலவே தோன்றும். காற்று வினாடிக்கு 2 அல்லது 3 மீட்டருக்குக் கீழே போனால் கடல் தானாகவே வழவழப்பாகி, எண்ணெயே இல்லாத இடமும் கறுத்துவிடும். வினாடிக்கு 10 முதல் 14 மீட்டரைத் தாண்டினாலோ, அலைகள் படலத்தை உடைத்து நீருக்குள் கலந்துவிடுவதால், உண்மையாகவே எண்ணெய் இருந்தாலும் படத்தில் தெரியாமல் போகும். இந்த இரு எல்லைகளுக்கும் இடையே காற்று வீசும்போது மட்டுமே கருந்திட்டு என்பது பொருள் தரும் சான்றாகிறது.

காற்றின் வேகத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. சென்டினல்-1 தரவுடன் வரும் கடற்காற்றுத் தரவுப்பொருளைப் பலர் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது பின்சிதறலிலிருந்தே கணக்கிடப்படுவதால், கீற்றின் உள்ளே காற்று குறைவாக இருப்பதாகத்தான் காட்டும். அதை வைத்துக்கொண்டு ‘காற்று குறைவு, எனவே எண்ணெய் இல்லை’ என்று முடிவு செய்தால் அது வட்ட வாதமாகிவிடும். கீற்றுக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி உள்ள மதிப்புகளை எடுங்கள்; அவற்றை ஈஆர்ஏ5 போன்ற, வானிலை அளவீடுகளையும் மாதிரியையும் இணைத்த மறுபகுப்பாய்வுத் தரவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஈஆர்ஏ5-இன் கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் என்பதால், கரையோரத்து நிலக்காற்று, கடற்காற்று ஆகியவற்றின் நுணுக்கங்கள் அதில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

விஎச் படத்தில் கீற்று தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அமைதியான கடலிலிருந்து குறுக்கு முனைவாக்கத்தில் திரும்பி வரும் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. பெரும்பாலும் அது கருவியின் இரைச்சல் தளத்தை, அதாவது கருவி தானே உண்டாக்கும் இரைச்சலின் அளவை, ஒட்டியே இருக்கும். சுற்றியுள்ள கடலே இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும்போது, எண்ணெய் அதைவிடக் கறுப்பாகத் தெரிய இடமே இல்லை. எனவே விஎச் படம் உங்கள் கேள்விக்கு எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. எண்ணெய்ப் படலத்துக்கு விவி முனைவாக்கமே சிறந்தது. கப்பலைக் கண்டுபிடிக்க விஎச் மிகவும் பயன்படும், அதற்காக அதைக் கையில் வைத்திருங்கள்.

வடிவத்தைப் பொறுத்தவரை, முதல் கீற்று நகரும் கப்பலிலிருந்து விடப்பட்டதற்கான தோற்றத்தை நன்றாகவே கொண்டிருக்கிறது. இயற்கையான உயிரினப் படலங்களும் கடலில் கீற்றுகளாகத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் அவை நீரோட்டச் சுழல்களைப் பின்பற்றிச் சுருண்டும் கிளைத்தும் கிடக்கும், பொதுவாகக் காற்று வினாடிக்கு 7 மீட்டரை நெருங்கும்போது கலைந்தும்விடும். இரண்டாவது திட்டை, காற்றுத் தரவு வரும் வரை எண்ணெய் என்று குறிப்பிடவே வேண்டாம்.

விண்நோக்கி

அலைமானி அவர்கள் முதல் பாதிக்கு விடை கூறிவிட்டார்கள். எத்தனை லிட்டர் என்ற இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் செய்திகளிலும் அறிக்கைகளிலும் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவது அந்த எண்தான்.

1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலம் என்பது சரியாக 1 கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, எண்ணெயின் நிறத்தைக் கொண்டு தடிமனை மதிப்பிட வான்வழிக் கண்காணிப்பாளர்கள் பயன்படுத்தும், வட கடல் நாடுகளின் பான் உடன்படிக்கையின் தோற்றக் குறியீட்டைப் பாருங்கள். வெள்ளி நிற மினுமினுப்பு என்றால் தடிமன் 0.04 முதல் 0.30 மைக்ரோமீட்டர், வானவில் நிறங்கள் என்றால் 0.30 முதல் 5 வரை. உலோகப் பளபளப்பு என்றால் 5 முதல் 50 வரை. எண்ணெயின் உண்மையான நிறம் விட்டுவிட்டுத் தெரிந்தால் 50 முதல் 200 வரை. தொடர்ச்சியாகத் தெரிந்தால் 200-க்கும் மேல். உங்கள் 12 சதுர கிலோமீட்டர் முழுவதும் மெல்லிய மினுமினுப்பு மட்டுமே என்றால், கீழ் எல்லையில் அது வெறும் 480 லிட்டர். அதே 12 சதுர கிலோமீட்டரும் 200 மைக்ரோமீட்டர் தடிமனில் இருந்தால் 24 லட்சம் லிட்டர். இரண்டு நிலைகளிலும் ரேடார் படத்தில் ஒரே கறுப்புக் கீற்றுதான் தெரியும், ஏனென்றால் சிற்றலைகளைத் தணிக்க மிக மெல்லிய படலமே போதுமானது. இயல்பில் ஒரு படலம் எங்கும் ஒரே தடிமனில் இருப்பதும் இல்லை. எண்ணெயின் பெரும்பகுதி ஒரு சிறு பரப்பில் திரண்டிருக்க, மீதிப் பரப்பெல்லாம் மினுமினுப்பாகவே இருக்கும். ஆகவே நெறியாளருக்குப் பரப்பளவைக் கொடுங்கள். கன அளவை எழுதியே ஆக வேண்டுமென்றால், எந்தத் தடிமனைக் கருதிக்கொண்டீர்கள் என்பதை அதே வரியில் எழுதி, கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சேர்த்தே கொடுங்கள்.

தடிமனை அறிய வேறு கருவிகள் இருக்கின்றன. வெப்ப அகச்சிவப்பில், பகலில் தடித்த எண்ணெய் சூரிய வெப்பத்தை உட்கொண்டு சுற்றியுள்ள நீரைவிடச் சூடாகவும், நடுத்தரத் தடிமன் குளிர்ச்சியாகவும் தெரியும், மெல்லிய மினுமினுப்போ தெரியவே தெரியாது. புற ஊதாவில் இதற்கு நேர்மாறாக மிக மெல்லிய படலம்கூடப் பிரகாசமாகத் தெரியும். ஆகவே ஒரே விமானத்தில் இவ்விரு கருவிகளையும் வைத்து, புற ஊதாப் படத்தில் முழுப் பரப்பையும் அகச்சிவப்புப் படத்தில் தடித்த பகுதியையும் வரைந்துகொள்கிறார்கள். துப்புரவுக் கப்பல்கள் எங்கே செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தடித்த பகுதியே. எண்ணெய்தான் என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியது லேசர் ஒளிர்வுமானி. புற ஊதா லேசரைப் பாய்ச்சும்போது எண்ணெயில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் தமக்கே உரிய அலைநீளங்களில் ஒளிர்வதை அது அளக்கிறது. அது தாழப் பறக்கும் விமானத்துக்கான கருவி. விண்ணிலிருந்து செய்யும் வேலை அல்ல.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் தளம் வெடித்த பிறகு, ஜூலை 15 அன்று கிணறு மூடப்படும் வரை நடந்த கண்காணிப்பில் இந்த வேறுபாடுகள் தெளிவாகத் தெரிந்தன. ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இரவையும் பொருட்படுத்தாமல் பரப்பைக் கொடுத்தன. நாசா செயற்கைக்கோள்களிலிருந்து படமெடுத்த மோடிஸ் என்ற ஒளியியல் கருவியின் படங்களில் சூரிய ஒளி எதிரொளித்த பகுதிகளில் எண்ணெய் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எங்கே தடித்த குழம்பு கிடக்கிறது என்பதை அறிய, நாசாவின் ஏவிரிஸ் என்ற மீநிறமாலைக் கருவியை (ஒளியைப் பல குறுகிய அலைநீளங்களாகப் பிரித்து அளப்பது) விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு, 1.2, 1.7, 2.3 மைக்ரோமீட்டர் அலைநீளங்களை ஒட்டி ஹைட்ரோகார்பனுக்கே உரிய உட்கவர்ச்சிக் கோடுகளைக் காட்டும். அவற்றின் ஆழத்திலிருந்து தடிமனை மதிப்பிட்டார்கள்.

உங்கள் நிலையில் விமானம் கிடைக்காது என்பதால், அன்று காலை 10.30 மணியளவில் சென்டினல்-2 என்ற ஒளியியல் செயற்கைக்கோள் அந்த வழியே சென்றிருக்கிறதா என்று பாருங்கள். 10 மீட்டர் பிக்சலில் கீற்று தெரிந்தால், ரேடாருக்குத் தொடர்பே இல்லாத இரண்டாவது சாட்சி உங்களுக்குக் கிடைத்துவிடும். சூரிய எதிரொளிப்புப் பகுதியின் மையத்தில் எண்ணெய் நீரைவிடப் பிரகாசமாகவும், அதன் ஓரத்தில் நீரைவிடக் கறுப்பாகவும் தெரியும் என்பதால், நிறம் மாறித் தெரிகிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதோடு, ரேடார் படத்தில் உள்ள −15, −22 என்ற 7 டெசிபல் வேறுபாட்டைத் தணிப்பு விகிதமாக (படலம் எதிரொலியைக் குறைத்த அளவாக) கொண்டு, கீற்றுக்குள் எந்தப் பகுதி ஒப்பளவில் தடித்தது என்று பார்க்கும் முறையும் உண்டு, முயன்று பார்க்கலாம்.

அலைமானி

விண்நோக்கி அவர்களின் விளக்கம் அருமை. கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

நெய்தல் கொடுத்த எண்களைக் கவனியுங்கள். கீற்றுக்குள் −22 டெசிபல். சென்டினல்-1 அகலப்பட்டை முறையில் இரைச்சல் தளத்துக்கு வகுக்கப்பட்ட எல்லையும் −22 டெசிபல்தான். உண்மையான மதிப்பு இதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும், படத்தின் அகலத்தைப் பிரிக்கும் துணைப்பட்டைகளில் ஒன்றுக்கொன்று மாறும். அதாவது, கீற்றுக்குள் நாம் அளப்பதில் கணிசமான பகுதி கடலின் சமிக்ஞை அன்று, கருவியின் சொந்த இரைச்சல். மெல்லிய படலமே சமிக்ஞையை இரைச்சல் தளம் வரை இறக்கிவிட்டால், அதைவிடப் பத்து மடங்கு தடித்த படலம் அதற்கும் கீழே இறங்கிக் காட்ட வழியில்லை. இந்நிலையில் 7 டெசிபல் என்பது தணிப்பின் அளவு ஆகாது. குறைந்தது 7 டெசிபல் தணிந்திருக்கிறது என்று மட்டுமே கூற முடியும். நெய்தல், உங்கள் தரவுத் தொகுப்புடன் வரும் இரைச்சல் அட்டவணையிலிருந்து அந்தப் படுகோணத்துக்கான மதிப்பை எடுத்து, கீற்றின் குறுக்கே வரைந்த வெட்டுக்கோட்டு வரைபடத்தின் மேல் ஒரு கோடாகப் போட்டுப் பாருங்கள். கீற்றின் அடிப்பகுதி அந்தக் கோட்டை ஒட்டித் தட்டையாகக் கிடந்தால், தடிமனைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

டீப்வாட்டர் ஹொரைசன் நிகழ்வில் 2010 ஜூனில் நாசா பறக்கவிட்ட யுஏவிசார் என்ற விமான ரேடார், படலத்துக்குள் இருந்த வேறுபாடுகளைக்கூடக் காட்டியது. அதன் இரைச்சல் தளம் செயற்கைக்கோள் ரேடார்களைவிட மிக மிகத் தாழ்ந்திருந்ததே அதற்கு முதன்மையான காரணம். அந்த ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டு, அதே முறையைச் சென்டினல்-1 படத்தில் பொருத்திப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நெய்தல்

இருவருக்கும் மிக்க நன்றி. காற்றுத் தரவை எடுத்துவிட்டேன். முதல் கீற்றைச் சுற்றி வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர். கரையோரத் திட்டின் பகுதியில் 2 மீட்டருக்கும் குறைவு. எனவே இரண்டாவதை எண்ணெய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். இரைச்சல் கோட்டையும் வரைந்து பார்த்தேன். கீற்றின் அகன்ற முனையில் மதிப்புகள் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கின்றன, குறுகிய முனையில் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. கீற்றின் குறுகிய முனைக்கு அருகே விஎச் படத்தில் ஒரு பிரகாசமான புள்ளி இருக்கிறது. ஆனால் அது கீற்றின் நேர்க்கோட்டில் இல்லை, சுமார் 500 மீட்டர் பக்கவாட்டில் விலகி நிற்கிறது. வேறொரு கப்பலாக இருக்குமோ? மேலும், ஆய்வகத்தில் ஒருவர், இவ்வளவு சிரமப்பட வேண்டாம், நரம்பியல் வலையமைப்பு ஒன்றைப் பயிற்றுவித்தால் அதுவே சொல்லிவிடும் என்கிறார்.

கலந்தேடி

விலகி நிற்பதால் அந்தப் புள்ளியை ஒதுக்கிவிடாதீர்கள். சென்டினல்-1 போன்ற செயற்கைத் துளை ரேடார், இலக்கு அசையாமல் நிற்கிறது என்று கொண்டே அதன் இடத்தை டாப்ளர் பெயர்ச்சியிலிருந்து (இயக்கத்தால் எதிரொலியின் அதிர்வெண் மாறுவது) கணக்கிடுகிறது. ரேடாரை நோக்கியோ அதிலிருந்து விலகியோ நகரும் கப்பல், செயற்கைக்கோள் பறக்கும் திசையில் சில நூறு மீட்டர் இடம் மாறித் தெரியும். கப்பலின் புள்ளி அதன் நீர்த்தடத்திலிருந்து விலகித் தெரிவது இந்தப் படங்களில் வழக்கமான காட்சி. ஆகவே அந்த 500 மீட்டர் விலகல் செயற்கைக்கோளின் பறப்புத் திசைக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையாக இருந்தால், விலகலிலிருந்தே கப்பலின் வேகத்தை ஓரளவு கணித்து, கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் அறிவிக்கும் தானியங்கி அடையாள முறையான ஏஐஎஸ் பதிவில் உள்ள வேகத்துடன் ஒப்பிடலாம். இணையாக இல்லை என்றால் உங்கள் ஐயம் நியாயமானது.

அடுத்து, கீற்றின் காலக்கணக்கைப் பாருங்கள். கப்பல் 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருந்தால், 30 கிலோமீட்டர் கீற்றை விட்டுச்செல்ல ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகும். எனவே அகன்ற முனையில் உள்ள எண்ணெய் 80 நிமிடம் பழையது, பரவ நேரம் கிடைத்ததால் அகன்றிருக்கிறது. குறுகிய முனை புதியது. எண்ணெய்ப் படலம் நீரோட்டத்தோடு முழுமையாகவும், அதற்கு மேல் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டோடும் நகரும். 5 மீட்டர் காற்றுக்கு அது வினாடிக்கு 0.15 மீட்டர், அதாவது மணிக்கு 540 மீட்டர். ஆக அகன்ற முனை, கப்பல் கடந்துசென்ற பாதையிலிருந்து காற்றடிக்கும் திசையில் 700 மீட்டர் அளவுக்குத் தள்ளிப்போயிருக்க வேண்டும். நீங்கள் கண்ட சிறு வளைவு அதனால் ஏற்பட்டிருக்கக்கூடும். ஏஐஎஸ் தடத்தை எடுத்து, ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய காலத்துக்கு நகர்த்திவிட்டுப் பிறகு கீற்றின் மேல் வைத்துப் பாருங்கள். நகர்த்தாமல் வைத்துப் பொருந்தவில்லை என்று சொல்வது பலரும் செய்யும் பிழை. விண்நோக்கி அவர்கள் கூறிய சென்டினல்-2 படத்தில் தேடும்போதும் இதே கணக்கு வேண்டும். நாலரை மணி நேரத்தில் காற்றால் மட்டும் கீற்று 2.4 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும்.

கப்பல் பொருந்திவிட்டாலும், அறிக்கையில் குற்றச்சாட்டு எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையின் முதல் இணைப்பு, சிறப்புப் பகுதிகளுக்கு வெளியே, கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் செல்லும் எண்ணெய்க் கப்பல், வேறு பல நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரு கடல் மைலுக்கு 30 லிட்டர் வரை எண்ணெய் கலந்த நீரை வெளியேற்ற இடமளிக்கிறது. உங்கள் 30 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 16 கடல் மைல். அந்தக் கணக்கில் 480 லிட்டருக்கு மேல் வருகிறது. விண்நோக்கி அவர்கள் கொடுத்த கீழ் எல்லையும் ஏறத்தாழ அதுவே. எனவே சட்டமீறலா இல்லையா என்பதைத் தடிமன் தெரியாத இந்தப் படம் தீர்மானிக்காது; எண்ணெய் மாதிரி எடுத்து வாயு நிறப்பகுப்பியில் கப்பலின் எண்ணெயோடு ஒப்பிடும்போதுதான் அது தீரும். ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை 2007 முதல் நடத்திவரும் கிளீன்சீநெட் சேவையும், செயற்கைக்கோள் காட்டும் திட்டைச் ‘சாத்தியமான கசிவு’ என்றுதான் உறுப்பு நாடுகளுக்குத் தெரிவிக்கிறது. உறுதி செய்வது விமானமோ கப்பலோ நேரில் சென்று பார்த்த பிறகுதான்.

நரம்பியல் வலையமைப்பைப் பற்றி: ஆயிரக்கணக்கான படங்களைச் சலித்து, மனிதக் கண் பார்க்க வேண்டியவற்றை எடுத்துக்கொடுக்க அது மிகவும் உதவும், அதற்காக அதை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரு படம். காற்று, இரைச்சல் தளம், கப்பல் தடம் ஆகிய மூன்றும் படத்தின் பிக்சல்களுக்குள் இல்லை. அவற்றைத் தனியே ஊட்டாத வலையமைப்பு, உங்கள் கரையோரத் திட்டையும் எண்ணெய் என்றே குறிக்க வாய்ப்பு அதிகம். யாராவது 99 விழுக்காடு துல்லியம் என்று காட்டினால், படத்தில் எண்ணெய்ப் பிக்சல்களின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். அது 1 விழுக்காடு என்றால், எல்லாமே தூய நீர் என்று சொல்லும் நிரலுக்கும் அதே மதிப்பெண்தான் கிடைக்கும்.

விண்நோக்கி

தணிப்பு விகிதம் பற்றி அலைமானி அவர்கள் கூறியதை ஏற்கிறேன். கோட்டை ஒட்டிக் கிடக்கும் குறுகிய முனைக்கு அது நிச்சயமாகப் பொருந்தாது. அகன்ற முனையில் மதிப்புகள் கோட்டுக்கு மேலே இருப்பதாக நெய்தல் எழுதியிருப்பதைப் படலம் அங்கே மெலிந்ததன் அடையாளமாகக் கொள்ளலாம், ஆனால் எண்ணெய்ப் பகுதிகளுக்கிடையே தூய நீர் கலந்த பிக்சல்களும் அதே விளைவைத் தரும் என்பதால் உறுதியாக எழுத முடியாது. அந்த முனையை மட்டும் ஸ்பெக்கிள் ஃபில்ட்டர் போடுவதற்கு முந்தைய படத்தில் மீண்டும் பாருங்கள், நெய்தல். பெரிய சாளரத்தில் ஃபில்ட்டர் போட்டிருந்தால் விளிம்பின் பிரகாசம் உள்ளே பரவி, இல்லாத மெலிவைக் காட்டும்.